ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் கூடாது

மிஸி எங்கள் பிளாட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் ஒன்பதாவது மாடியில் நடைபாதை விளக்குகள் மாலை ஏழு மணிக்குத் தானாக எரிகின்றன, காலையில் தானாக அணைகின்றன. யாரும் யாரையும் திட்டுவதில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுத எழுத அவர் நல்லவராகிவிடுகிறார். மிஸியை அப்படி ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை.

மிஸி என்பது அவர் பெயரல்ல. எங்கள் ஊரில் தாதிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். வீட்டு வாசலுக்கு வருவதற்குக்கூட காலில் வெள்ளைச் சப்பாத்து போடுவார். டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டுக்கு நாங்கள் குடி வந்தபோது அவர் பக்கத்து வீட்டில் இருந்தார். நடைபாதையின் கடைசியில் எங்கள் வீடும் அவர் வீடும்தான். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் அட்டை மாதிரி மெல்லியது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து, "கர்ச்சீப் வச்சுத் தும்மு!" என்று குரல் வரும்.

அவருக்கு எதையும் கேட்கத் தெரியாது. சொல்ல மட்டும்தான் தெரியும். எடு, வை, நகரு, தூக்கு. இந்த நான்கு சொற்களைக் கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடுவார். 'கொஞ்சம்' என்றோ 'முடியுமா' என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேலையைச் செய்து முடித்தால் நன்றியும் கிடையாது. கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நான் ஒரு மின்சாரச் சாமான் கடையில் லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். குடி வந்த வருஷம், தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கலாம் என்று கடையிலிருந்து ஒரு மைக்ரோவேவ் அடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அது என்னா பெட்டி?"

"சும்மா காலிப் பெட்டி மிஸி."

"கீழ வை."

வைத்தேன். அவர் பெட்டியின் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தார். கை விட்டுத் தூக்குவதற்காகப் பக்கத்தில் வெட்டியிருந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"காத்துக்கு இது போதும். நாளைக்கு இன்னும் பதினொண்ணு கொண்டா. எல்லாம் ஒரே அளவு. ஈரம் பட்டது வேணாம்."

நான் எதற்கென்று கேட்கவில்லை. எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒரு பதில் எனக்குத் தோன்றுவதற்குள் எதிரில் நிற்பவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்திருப்பார். மறுநாள் பதினொரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'பெட்டிக்காரன்'. என் பெயரை அவர் கடைசிவரை கேட்கவில்லை.

அந்தப் பெட்டிகள் செடிகளுக்கு. கிறிஸ்மஸ் நேரத்தில் கடைத்தொகுதிகளிலும் ஹோட்டல் வாசல்களிலும் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பாயின்செட்டியா. கேமரன் மலையிலிருந்து லோரியில் வரும். மிஸி போகும் மாதா கோயிலில் பீடத்தைச் சுற்றி வைப்பார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். மிஸி அங்கே போய் நின்று, இது, இது, இது என்று விரல் நீட்டுவார். கோயில் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

முதல் வேலையாகச் சட்டியைச் சுற்றியிருக்கும் பளபளக் காகிதத்தைக் கிழிப்பார். உள்ளே தேங்கியிருக்கும் தண்ணீர் நாறும்.

"பாத்தியா? வேர் அழுகுது. அழகா இருக்கட்டும்னு கடுதாசி சுத்தி அனுப்புறானுங்க. அழகாச் சாகட்டும்னு."

பிறகு ஒவ்வொரு சட்டியிலும் பிளாஸ்திரி ஒட்டி அதில் எண் எழுதுவார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. பின்மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து வரிசையாக வைப்பார். தினமும் காலையில் மண்ணுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பார். விரலில் ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் கிடையாது. இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைப்பார். சிவப்பெல்லாம் உதிர்ந்து செடி பார்க்கச் சகிக்காமல் நிற்கும்போது, மார்ச் மாதத்தில், கத்தரியை எடுத்து ஒரு சாண் விட்டு மீதியை வெட்டிவிடுவார். வெட்டிய இடத்தில் பால் வடியும். "கண்ணுல படாம பாத்துக்க, எரியும்" என்று போகிற வருகிறவர்களையும் அதட்டுவார். ஒரு மாதத்தில் பக்கத்துக்கு ஒன்றாகத் துளிர் வரும். அது கொஞ்சம் நீண்டதும் நுனியைக் கிள்ளுவார். பிறகு மறுபடியும் கிள்ளுவார். ஆகஸ்டில் பார்த்தால் பன்னிரண்டும் புதர் மாதிரி பச்சையாக நிற்கும்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் செய்ததை என் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு தடவை அவர் செபராங் ஜெயாவில் தம்பி வீட்டுக்குப் போய் மூன்று நாள் வரவில்லை. என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மிஸி திரும்பி வந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"யாரு ஊத்துனது?"

"நாந்தான் மிஸி. பாவம், வாடிப்போய் இருந்துச்சு."

"உனக்குத் தாகம் எடுத்தா நீ குடி. அதுக்கு ஊத்தாத."

என் மனைவி வாய் உள்ளவள். "நல்லது செஞ்சா இப்படித்தான் லா. இனிமே எரிஞ்சாகூட ஊத்த மாட்டேன்" என்று கத்தினாள். மிஸி ஏற்கெனவே கதவைச் சாத்தியிருந்தார்.

என் மகள் தர்ஷினி அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் விடவில்லை. அவள் ஆங்கிலப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். தப்பாகப் படித்தால் சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம் வரும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சரியான உச்சரிப்பு வரும். அவள் திருப்பிச் சொல்லும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். தர்ஷினி தலையணைக்குள் வாயை வைத்துப் படிக்கப் பழகிக்கொண்டாள். ஒருநாள் அவள் வாசலில் நின்று, "பூ அழகா இருக்கு மிஸி" என்று சொல்லிவிட்டாள்.

"அது பூ இல்ல. இலை. நடுவுல மஞ்சளா மொச்சை மாதிரி இருக்கே, அதுதான் பூ. எந்த ஸ்கூல்ல படிக்கிற?"

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். உரம் வாங்கப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு பழைய உரப் பையின் துண்டைக் கொடுத்து, "இதே மாதிரி வாங்கிட்டு வா" என்றார். நானும் படத்தைப் பார்த்து வாங்கி வந்தேன். அது வேறு உரம். லிஃப்டுக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புல்லுக்குப் போடுறது. எழுதியிருக்கில்ல? எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

நான் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"கேக்குறேன்ல?"

"ஆறாவது, மிஸி."

"அப்ப தப்பு என் மேலதான்" என்றார். அங்கிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். லிஃப்ட் வந்தது. நான் ஏறவில்லை. ஒன்பது மாடியும் படியேறிப் போனேன்.

அதே மனுஷிதான், சலவை இயந்திரம் விழுந்து என் கால் பெருவிரல் நசுங்கியபோது, தினமும் வந்து கட்டு மாற்றினார். நாங்கள் கூப்பிடவில்லை. நான் நொண்டி நடப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. கம்பிக் கதவைத் தட்டினார், வந்தார், ஸ்டூலை இழுத்தார். "காலை வை" என்றார். பஞ்சை வைத்து அழுத்தும்போது உயிர் போகும். "கத்தாத. பக்கத்து வீட்டுல புள்ளைங்க இருக்கு" என்பார். புண் ஆறியதும் என் மனைவி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தாள். "நான் என்னா நோயாளியா, பழம் கொண்டாந்து குடுக்க?" என்று பையை எங்கள் வாசலிலேயே திருப்பி வைத்துவிட்டார். நல்லது செய்தாலும் அவரிடம் அது அடி மாதிரிதான் வந்து விழும்.

அக்டோபர் வந்தால் எங்களுக்கு இருட்டுக் காலம். இந்தச் செடி சிவக்க வேண்டுமென்றால் ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் அது கரிய இருட்டில் இருக்க வேண்டுமாம். மலையில் குளிர் உண்டு. இங்கே அதுவும் கிடையாது. ஒன்பதாவது மாடிக் காற்று மட்டும்தான் துணை. அதனால் அவற்றை வீட்டுக்குள் வைக்க முடியாது. பெட்டியைச் சுத்தமாக அடைக்கவும் முடியாது, வெந்துவிடும். ஆகவே சரியாக ஆறு மணிக்குப் பன்னிரண்டு பெட்டிகளையும் செடிகளின் மேல் கவிழ்ப்பார். பெட்டி ஓட்டை வழியாக வெளிச்சம் போகக்கூடாது என்று எங்கள் பக்கத்து நடைபாதை விளக்குகளின் சுவிட்சை அணைத்துவிடுவார். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் பெட்டியைத் தூக்குவார். டிசம்பர் வரை இப்படி.

"ஆறு மணிக்கு மேல வெளிச்சம் கூடாது. டார்ச்சு அடிச்சாகூடப் போச்சு" என்று முதல் நாளே வீடு வீடாக வந்து சொல்வார். நிர்வாகத்திலிருந்து ஒரு ஆள் வந்து கேட்டபோது அவரையும், "சட்டையில பட்டன போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்கள் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். லிஃப்ட் பக்கம் வெளிச்சம் இருக்கும். எங்கள் பக்கம் குகை.

அக்டோபரில் தொடங்கும் அந்த இருட்டுக்குள்தான் எங்களுக்குத் தீபாவளி வரும். மற்ற வருஷங்களில் நாங்கள் வீட்டுக்குள்ளேயே விளக்கேற்றிச் சமாளித்தோம். ஆனால் தர்ஷினிக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்த வருஷம் அவளுக்குத் தலைத்தீபாவளி.

மாப்பிள்ளை புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நல்ல பையன். அவருடைய அம்மாதான் கொஞ்சம் எடை போட்டுப் பார்க்கிறவர். கல்யாணப் பேச்சின்போதே, "பிளாட்டு வீடா?" என்று இரண்டு தடவை கேட்டவர். தீபாவளிக்கு முதல் நாள் மாலை, மகனையும் மருமகளையும் தானே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டை அவர் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. என் மனைவி ஒரு வாரமாகச் சுவரைத் துடைத்தாள். திரைச்சீலை மாற்றினாள். மின்னி மின்னி எரியும் லிப்லாப் விளக்குச் சரம் இரண்டு வாங்கி வந்தாள். எங்கள் ஜன்னலிலிருந்து வயரை வெளியே விட்டு, நடைபாதைக் கைப்பிடிச் சுவர் நெடுக அவற்றைக் கட்டினாள்.

மிஸி ஆறு மணிக்குப் பெட்டிகளைக் கவிழ்த்தார். நிமிர்ந்து விளக்குச் சரத்தைப் பார்த்தார்.

"இது என்னா?"

"லைட்டு மிஸி. நாளைக்குத் தீவாளி" என்றாள் என் மனைவி.

"அவுத்துடு."

"மிஸி, பொண்ணுக்குத் தலைத்தீவாளி. ஒரே ஒரு ராத்திரி. சம்பந்தியம்மா வர்றாங்க."

"இருபத்தஞ்சு நாளா இருட்டுல வச்சிருக்கேன். உங்க தலைத்தீவாளி செடிக்குத் தெரியுமா?"

"செடிதான் உங்களுக்குப் பெருசு. மனுசங்க தெரிய மாட்டாங்க. அவுக்க மாட்டேன் போங்க!"

மிஸி என்னைப் பார்த்தார். "பெட்டிக்காரா, நீ சொல்லு."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழரைக்கு மாப்பிள்ளை போன் செய்தார், கீழே கார் நிறுத்தியாயிற்று என்று. என் மனைவி விளக்குச் சரத்தைப் போட்டாள். நடைபாதை சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னியது. பெட்டி ஓட்டைகளுக்குள்ளும் மின்னியது. பக்கத்துக் கதவு திறந்தது. மிஸி செடி வெட்டும் கத்தரியோடு வந்தார். ரப்பர் பிடியைப் பிடித்து வயரை வெட்டினார்.

படீரென்று ஒரு பொறி. அணைந்தது விளக்குச் சரம் மட்டுமல்ல. எங்கள் வீட்டு மின்சாரம் முழுவதும் ட்ரிப் ஆகிவிட்டது. வீட்டில் விளக்கு, விசிறி, சாமி மேடைப் பல்பு எல்லாம் போயின. அந்த நேரத்தில்தான் லிஃப்ட் திறந்தது.

மாப்பிள்ளையும் தர்ஷினியும் பலகாரத் தட்டுகளோடு நின்றார்கள். பின்னால் பட்டுப் புடவையில் சம்பந்தியம்மா. எங்கள் பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு பெட்டியில் கால் இடறிக் கொஞ்சம் தடுமாறினார்.

"என்னாம்மா இது, கரண்டு பில்லு கட்டலியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு மகனைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கு வந்த மகாலச்சுமி இங்கேருந்துதான் வந்துச்சா? அதான் எப்பப் பாத்தாலும் முகம் இருட்டா இருக்கு" என்றார்.

நான் உள்ளே போய் மின்பெட்டியின் சுவிட்சைத் தூக்கினேன். வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சத்தில் தர்ஷினியின் முகம் தெரிந்தது. சம்பந்தியம்மா கிளம்பும்வரை அவள் சிரித்தபடியே இருந்தாள். கிளம்பிய பிறகு அறைக்குள் போய், அந்தச் சுவரோரக் கட்டிலில் படுத்து அழுதாள். மாப்பிள்ளை வாசலில் நின்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அந்தப் பொம்பளைய?" என்றாள். கேட்டிருக்கலாம். பக்கத்துக் கதவு பத்தடியில் இருந்தது. நான் போகவில்லை.

தீபாவளி முடிந்து அவர்கள் போனார்கள். மறுநாள் இரவு எட்டு மணிக்கு நான் குப்பைப் பையை எடுத்தேன்.

"நீங்களா குப்ப போடப் போறீங்க?" என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள்.

நடைபாதையில் யாருமில்லை. முதல் பெட்டியைத் தூக்கினேன். கைபேசி விளக்கைப் போட்டு இலைகளுக்கு நேராகப் பிடித்தேன். அறுபது வரை எண்ணினேன். பெட்டியைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பன்னிரண்டு செடிக்கும் அப்படியே செய்தேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது, டார்ச்சு அடித்தாலே போதும் என்பது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு செடிக்கும் அறுபது எண்ணும்போது, லிஃப்டுக்கு முன்னால் சிரித்த ஆள், 'ஆறாவது, மிஸி' என்று சொன்ன என் குரல், தர்ஷினியின் முகம் எல்லாம் வரும். எண்ணி முடித்ததும் குப்பையைப் போட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்குவேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். பிறகு ஒருநாள் தர்ஷினி போன் செய்தாள். மாமியார் கோழிக்கறி வைக்கச் சொல்லிக் கொடுத்தாராம், இவள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாளாம், இரண்டு பேரும் சிரித்தார்களாம். அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். அன்று இரவு குப்பைப் பையை எடுக்கக் கை வரவில்லை. கோபம் எங்கோ போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு கூச்சம் மட்டும் உட்கார்ந்திருந்தது.

டிசம்பரில் செடிகள் சிவக்கவில்லை. ஒன்றிரண்டில் உச்சி இலை மட்டும் வெளிறிப்போய் இருந்தது. மற்றவை பச்சை. மிஸி தினமும் காலையில் பெட்டியைத் தூக்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் அவர் கோயிலில், "காசு குடுத்துச் செடி வாங்காதீங்க ஃபாதர், பன்னெண்டும் நான் கொண்டாறேன்" என்று சொல்லிவைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குப்பையில் போட்டதைத் திரும்பப் பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வருஷம் இந்தப் பாடு. முந்தின வருஷங்களில் ஐந்தாறுதான் ஒழுங்காகச் சிவந்தன. இந்த வருஷம் பன்னிரண்டும் வந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலை என் கதவைத் தட்டினார்.

"தூக்கு."

கடை லோரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டு பச்சைச் செடிகளையும் ஏற்றினேன். கோயிலில் இறக்கிப் பீடத்துக்கு முன்னால் அவர் விரல் நீட்டிய இடத்தில் எல்லாம் வைத்தேன். அலங்காரம் செய்துகொண்டிருந்த ஒரு அக்கா பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்.

"என்னா மிஸி, பாலன் பொறக்குற எடத்துல கீரைத் தோட்டம் போட்டுட்டீங்க?"

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அந்த லிஃப்ட் வாசல் ஞாபகம் வந்தது. மிஸியின் முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு.

"வெளிச்சம் பட்டுருச்சு" என்றார் மிஸி. "நான் சரியாப் பாத்துக்கல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து லோரியில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். "பிரேக்க இழுத்துப் புடிக்காத" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஜனவரியில் அதே பன்னிரண்டு செடிகளும் திரும்பி வந்தன. மார்ச்சில் வெட்டினார். நுனி கிள்ளினார். விரலை விட்டுப் பார்த்தார். மறுபடியும் அக்டோபர் வந்தது. நான் வழக்கம்போலப் புதுப் பெட்டிகள் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்தேன். அவர் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை மேலே தூக்க முடியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இனிமே நீயே மூடு" என்றார். "ஆறு மணிக்கு. காலையில எட்டு மணிக்குத் தொற."

ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தேன். அவர் பின்னாலேயே வந்தார். பன்னிரண்டாவது பெட்டியைக் கவிழ்க்கும்போது கேட்டார்.

"போன வருஷம் எத்தன நாள் தொறந்த?"

பெட்டி என் கையிலேயே நின்றது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடி எங்கே போவது, பத்தடியில் என் வீடு.

"ஒம்பது நாள் இருக்கும் மிஸி."

"பன்னெண்டு" என்றார். "கதவு ஓட்டையில பாத்துக்கிட்டுதான் இருந்தேன். குப்பப் பையோட வந்த. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"பாத்தீங்கன்னா ஏன் மிஸி நிறுத்தல?"

அவர் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு ராத்திரி அந்தப் பொண்ணு அழுதது எனக்கும் கேட்டுச்சு."

எனக்குச் சொல் வருவதற்குள் அவர், "மூடு, ஆறு தாண்டிருச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நடைபாதை விளக்கின் சுவிட்சை அன்று நான்தான் அணைத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் ஆறு மணிக்கு நான் மூடப் போனபோது நடைபாதையில் ஒரு செடியும் இல்லை. பன்னிரண்டையும் தன் வீட்டுக்குள் இழுத்துப் போட்டிருந்தார், அந்த ஒரு கையால். வீட்டுக்குள் புழுக்கம். அடுத்த வாரம் பாதிச் செடிகளில் இலை கொட்டியது.

அதற்காக நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. அவரும் வரவில்லை. என் மனைவி நடைபாதை முழுக்க விளக்குச் சரம் கட்டினாள். சம்பந்தியம்மா வந்து, "இப்பதான் லா வீடு மாதிரி இருக்கு" என்றார். தர்ஷினியும் மற்றவர்களும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் சுவரோரம் போய் நின்றேன். அந்தப் பக்கம் விளக்கு இல்லை. இருட்டில் மிஸியின் சப்பாத்துச் சத்தம் கேட்டது, ஒரு சட்டியிலிருந்து அடுத்த சட்டிக்கு. சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு சுவரில் டொக் டொக் என்று தட்டும் சத்தம்.

"பெட்டிக்காரா! அங்க சிரிக்கிறவங்கள கொஞ்சம் மெதுவாச் சிரிக்கச் சொல்லு."

'கொஞ்சம்' என்றார், முதல் தடவையாக. நான் போய்ச் சொல்லவில்லை.